ஒருவரே வாசிக்கும் சிம்பொனி

பண்ணைப்புரத்து இளையராஜா 2025 மார்ச் 8-ம் தேதி இலண்டனில் தமது 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார். அதில் மூணாறு மக்களாகிய நமக்குச் சற்றுக் கூடுதலான உரிமை உண்டு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலின்போது, அண்ணன் பாவலர் வரதராசனுடன் இந்த மலைக்குப் பாட வந்த சிறுவன் அல்லவா அவர்!

அந்தச் சிம்பொனியை வாசிக்க ஒரு பெரிய இசைக்குழுவே வேண்டியிருந்தது. ஆனால் ஒரே ஒருவர் உட்கார்ந்து வாசிக்கும் சிம்பொனியும் உண்டு. அதற்குரிய கருவி பைப் ஆர்கன்.

ஆர்மோனியம் அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியை அசைக்க, மறு கை கட்டைகளை அழுத்துகிறது. காற்றுப் பட்டு உலோக நாக்குகள் அதிர்கின்றன. பைப் ஆர்கனிலோ காற்று நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான குழாய்களில் புகுந்து ஒலிக்கிறது. புல்லாங்குழல் போன்ற ஒலிக்கு ஒரு வரிசை, எக்காளம் போன்றதற்கு வேறொரு வரிசை. குமிழ்களை இழுத்து வேண்டிய வரிசையைத் திறக்கலாம். கைகளுக்கு இரண்டு, மூன்று அடுக்குக் கட்டைகள். கால்களுக்கும் தனிக் கட்டைகள்.

பாரிஸ் நகரின் சேன் சுல்பீஸ் தேவாலயத்தில் கவாயே-கோல் 1862-ல் கட்டி முடித்த ஆர்கனில் கைகளுக்கு மட்டுமே 5 அடுக்குகள். 1870-ல் விதோர் என்ற 25 வயது இளைஞரை அங்கே தற்காலிகமாக நியமித்தார்கள். நிரந்தர உத்தரவு வரவே இல்லை என்பார்கள். 1933 வரை வாசித்தார்! (தோட்டத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது.)

ஆர்கனுக்கென்றே 10 சிம்பொனிகள் எழுதினார் விதோர். 1879-ல் அரங்கேறிய ஐந்தாவதில் ஐந்து பகுதிகள். கடைசிப் பகுதியான 'டோக்காட்டா' சுமார் 6 நிமிடம்தான். வலக்கை நிற்காமல் ஓட, இடக்கை தாளத்தோடு வெட்டி வெட்டி ஒலிக்க, அடியில் கால்கள் நிதானமாக மெட்டைக் கொண்டு செல்கின்றன. மேல்நாட்டுத் திருமணங்களில் இது மிகவும் பிரபலம். முழுச் சிம்பொனியையும் கேட்டவர்கள் குறைவு என்பது என் வருத்தம்.

வயலினைத் தோளில் சுமந்து போகலாம். ஆர்கன் கட்டடத்தோடு கட்டப்பட்டது. ஒன்றைப் போல் இன்னொன்று இராது. கட்டடம் போனால் அந்தக் குரலும் போயிற்று. 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயம் எரிந்தபோது, அங்கிருந்த சுமார் 8000 குழாய்கள் தீயிலிருந்து தப்பின. ஆனால் அவற்றில் ஈயத் தூசு படிந்துவிட்டது. கருவியைக் கழற்றி, துடைத்து, மீண்டும் பூட்டினார்கள். 2024 டிசம்பரில்தான் அது திரும்பவும் ஒலித்தது.

நம் சென்னையிலும் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்தில், இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து கொனாக்கர் நிறுவனம் செய்தனுப்பிய 1883-ம் ஆண்டு ஆர்கன் இருக்கிறது. மரமும் தோலும் சேர்ந்த இத்தகைய கருவிகளுக்கு ஈரக்காற்றும் கரையானும் பெரும் பகை. எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கும் நம் குடும்பங்கள் ஒரு முறை அங்கே போய்ப் பிள்ளைகளுக்கு அந்தக் குழாய்களைக் காட்டலாம். வாசிக்கும் நேரம் வாய்த்தால், வாசிப்பவரின் கால்களைக் கவனிக்கச் சொல்லுங்கள்.