பப்புவா மலைநாட்டின் பழைய வடிகால்கள்

சதுப்பு நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டு வருவது எவ்வளவு பிரயாசையான காரியம் என்பதை நமது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வடிகால் வெட்டுவது ஒரு வருஷத்து வேலை. அதைத் தூர்ந்து போகாமல் காப்பது ஆயுட்கால வேலை. அப்படிப்பட்ட வேலையை இரும்பு என்பதையே கண்டறியாத ஒரு ஜனசமூகத்தார் பல்லாயிரம் வருஷங்களுக்கு முன்பே செய்து வந்தார்கள் என்றால், முதலில் கேட்பவர்க்கு நம்பிக்கை உண்டாவது கடினம். ஆயினும் நியூகினித் தீவின் நடுமலைப் பிரதேசத்தில் இதற்கான அத்தாட்சி மண்ணுக்குள்ளேயே கிடைத்திருக்கிறது. அது வெளிப்படக் காரணமாயிருந்தது அந்நாட்டு விவசாய இலாகாவின் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை என்பது நமக்கு விசேஷமாகக் கவனிக்கத் தக்கது.

நியூகினி, ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே கிடக்கும் பெருந்தீவு. அதன் கிழக்குப் பாதி, 1975ஆம் வருஷத்தில் சுதந்திரம் பெற்ற பப்புவா நியூகினி என்னும் நாட்டைச் சேர்ந்தது. தீவின் நடுவே ஓங்கிய மலைத்தொடர் ஓடுகிறது. கடற்கரையில் குடியேறியிருந்த ஐரோப்பியர்கள் இம்மலைகளில் மனித வாசம் இல்லையென்றே வெகுகாலம் எண்ணியிருந்தனர். 1930ஆம் வருஷத்திலிருந்து பொன் தேடிச் சென்ற லேஹி சகோதரர்களும், 1933ல் அவர்களோடு சேர்ந்து சென்ற ஜேம்ஸ் டெய்லர் என்னும் அதிகாரியும் மலைகளுக்கிடையே விசாலமான பள்ளத்தாக்குகளைக் கண்டார்கள். அவற்றில் இலட்சக்கணக்கான ஜனங்கள், சதுரம் சதுரமாகப் பாத்தி பிடித்து, வேலி கட்டி, ஒழுங்காகப் பயிரிட்டு வந்தார்கள். கோடரி கல்லாலானது, தோண்டுகோல் மரத்தாலானது. "நாகரிகமற்றவர்" என்று பிறரால் எழுதப்பட்ட இம்மக்களின் தோட்டங்கள், களை காண்பதற்கு அரிதாயிருந்தன.

அப்பள்ளத்தாக்குகளில் வாகி நதிப் பள்ளத்தாக்கு ஒன்று. அதில் மவுண்ட் ஹேகன் என்னும் ஊருக்குச் சிறிது தூரத்தில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில், குக் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. அது கவெல்கா என்னும் குடியினரின் பூமி. முன்னொரு காலத்தில் அயல் குடிகளோடு நேர்ந்த சண்டையில் தோற்று அவர்கள் அதை விட்டு விலகினார்கள். நிலம் புல்லும் கோரையும் மண்டிக் கிடந்தது. 1960களின் இறுதியில் சர்க்கார் அதைக் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றை அமைத்தது. நீர் வடிய வேண்டி நேர்கோடாகப் புதிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. வெட்டிய கரைகளைப் பார்த்தபோது, கருமண்ணுக்கு நடுவே வேறு நிறமுள்ள மண் நிரம்பிய பழைய வாய்க்கால்களின் குறுக்குத் தோற்றம் வரிசை வரிசையாகத் தென்பட்டது.

ஆஸ்திரேலிய தேசீய சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜாக் கோல்சன் என்னும் புதைபொருள் நிபுணர் 1972 முதல் 1977 வரையில் இங்கே அகழ்வு நடத்தினார். அவருக்கு இவ்வகை நிலம் புதிதன்று. 1966லேயே அப்பள்ளத்தாக்கின் வேறொரு தேயிலைத் தோட்டத்தில், வடிகால் வெட்டும்போது அகப்பட்ட மரக்கருவிகளை அவர் பரிசோதித்திருந்தார். அங்கே கிடைத்த ஒரு தோண்டுகோலுக்கு வயது சுமார் 2,300 வருஷம் என்று கணக்காயிற்று. மரம் இவ்வளவு காலம் மக்காமலிருந்தது எப்படியெனில், நீர் தேங்கிய மண்ணில் காற்றுப் புகுவதில்லை. காற்றில்லாத இடத்தில் அழுகல் மெதுவாகவே நடைபெறும். சதுப்பு நிலம் வடிந்து உலர்ந்தால் இச்சாட்சியங்கள் சில வருஷங்களிலேயே மண்ணாய்ப் போய்விடும். இந்த விஷயம் கட்டுரையின் முடிவில் மறுபடியும் வரும்.

காலத்தை நிர்ணயிப்பதற்கு இங்கே ஒரு நல்ல வசதியும் உண்டு. அந்நாட்டு எரிமலைகள் அவ்வப்போது கக்கிய சாம்பல், மெல்லிய படலமாக மண்ணின் நடுவே படிந்திருக்கிறது. படலத்துக்குக் கீழே உள்ள வாய்க்கால் முந்தியது, படலத்தை அறுத்துச் செல்லும் வாய்க்கால் பிந்தியது என்று சுலபமாகச் சொல்லி விடலாம். 17ஆம் நூற்றாண்டில் லாங் தீவு எரிமலை வெடித்தபோது விழுந்த சாம்பல் இவற்றுள் மேலாக இருப்பது. வானம் இருண்டு, மண் மழையாகப் பெய்த நாட்களைப் பற்றி மலைநாட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதைகள் இதையே குறிப்பன என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அந்த இருளுக்குப் பின் விளைச்சல் செழித்தது என்று சில ஊர்களில் கதை முடிகிறதாம். எரிமலைச் சாம்பல் நிலத்துக்கு உரமாவதை அறிந்தவர்க்கு இதில் ஆச்சரியமில்லை.

குக்கின் மண்ணில் கண்ட வேலைகளைக் காலக்கிரமத்தில் பார்ப்போம். மிகவும் பழமையானது ஏறக்குறைய 10,000 வருஷங்களுக்கு முற்பட்டது. ஓர் ஓடைக் கரையின் மேட்டில் சிறு குழிகளும், முளை நட்ட அடையாளங்களும், நீர் ஓடிய சிறு தாரைகளும் காணப்படுகின்றன. இவை மனிதர் நட்டுப் பயிரிட்டதன் அடையாளந்தானா அல்லது வேறு காரணத்தால் உண்டானவையா என்பதில் நிபுணர்களுக்குள் விவாதம் உண்டு. நமக்கும் அதை அறுதியிட்டுச் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் சுமார் 7,000 வருஷத்துக்கும் 6,400 வருஷத்துக்கும் இடைப்பட்ட இரண்டாம் கட்டத்தைப் பற்றி அத்தகைய ஐயம் குறைவு. சிறு சிறு மண்மேடுகள் ஒரே அளவு இடைவெளியில் ஒழுங்காகக் கூட்டப்பட்டுள்ளன. நீரை விரும்பும் பயிரை மேட்டின் அடியிலும், விரும்பாத பயிரை மேட்டின் மேலும் நட இந்த ஏற்பாடு ஏற்றது. சுமார் 4,000 வருஷத்துக்கு முன் நேரான வடிகால்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுத் தோன்றுகின்றன. 2,000 வருஷத்துக்கு இப்பால் வந்தவை ஆள் உயரத்துக்குக் குறையாத ஆழமும், சில நூறு கஜ நீளமுமுள்ள பெரிய வாய்க்கால்கள். அவற்றிலிருந்து பிரியும் கிளைக் கால்கள் நிலத்தைச் சதுரப் பாத்திகளாக வகுக்கின்றன. இவ்வளவு மண்ணையும் மரத்துடுப்புப் போன்ற தட்டையான வெட்டுக்கருவியால் வாரி எறிந்திருக்கிறார்கள். டாம்புல் என்னும் இடத்தில் அகப்பட்ட அத்தகைய மரக்கருவி ஒன்றுக்கு ஏறக்குறைய 4,000 வருஷ வயது.

என்ன பயிரிட்டார்கள் என்ற கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. நெல், கோதுமை முதலியவற்றின் மணி கருகியாவது கிடைக்கும். கிழங்கும் வாழையும் அப்படித் தடயம் வைப்பதில்லை. இதற்கு இரண்டு உபாயங்கள் உதவின. வாழை இலையில் மணற்சத்தினாலான நுண்ணிய துகள்கள் உண்டு. இலை மக்கினாலும் அவை மக்குவதில்லை. அவற்றின் வடிவம் பூதக்கண்ணாடியில் பார்ப்பதற்கு எரிமலை வாய் போலிருப்பதால் வாழைக்கே உரியது என்று அடையாளம் காணலாம். இரண்டாவது, கிழங்கை அறுத்த கல்லின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மாச்சத்து மணிகள். இவற்றைக் கொண்டு டிம் டென்ஹாமும் அவரோடு உழைத்தவர்களும் 2003ஆம் வருஷத்தில் தங்கள் முடிவை வெளியிட்டனர்: சேம்பு பழங்காலந்தொட்டே அங்கு உபயோகத்திலிருந்தது, இரண்டாம் கட்டத்திலேயே வாழை பயிர்செய்யப்பட்டது. ஆகவே மேற்கு ஆசியாவிலும், சீனத்திலும், அமெரிக்காவிலும் போலவே நியூகினியிலும் விவசாயம் பிறரிடம் கற்காமல் தானாகவே தோன்றியது. கிழக்காசியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களே பப்புவா மக்களுக்குப் பயிர்த்தொழிலைப் போதித்தனர் என்ற பழைய கொள்கை இதனால் நிலைகுலைந்தது.

இதில் நமக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. இன்று உலகில் உண்ணப்படும் வாழை இனங்களிற் பெரும்பாலானவற்றின் மரபில் நியூகினிக் காட்டுவாழையின் பங்கு உண்டு. கரும்பின் விஷயமோ இன்னும் தெளிவு. பருத்து, சாறு மிகுந்து, மென்மையாயிருக்கும் கரும்பு ஜாதி, நியூகினியின் ஆற்றோரக் காட்டுக் கரும்பிலிருந்து அத்தீவு மக்களால் தெரிந்தெடுக்கப்பட்டது. அவர்கள் அதைக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பதில்லை. வேலியோரங்களில் நட்டு, கழியோடு சேர்த்துக் கட்டி நிமிர்த்தி வளர்த்து, கடித்துத் தின்பார்கள். இனிப்பும் மென்மையுமுள்ள கரணையையே மீண்டும் மீண்டும் நட்டதனால் கரும்பு உருவாயிற்று. 1928ல் அமெரிக்க விவசாய இலாகாவினர் பிராண்டஸ் என்பவரின் தலைமையில் நோய் தாங்கும் கரும்பு தேடி ஆகாய விமானத்தில் இத்தீவுக்குச் சென்றதும் இக்காரணம் பற்றியே. கோயமுத்தூரில் 1912ஆம் வருஷம் ஏற்பட்ட கரும்பு அபிவிருத்தி நிலையத்தில், டாக்டர் பார்பர் "வெள்ளை" என்ற பருத்த கரும்போடு நாணலைக் கலந்து பெற்ற கோ. 205 என்னும் இரகத்தை அறியாத கரும்பு விவசாயி அந்நாளில் இல்லை. அதன் பின் வெங்கடராமன் வெளியிட்ட பிரசித்தி பெற்ற இரகங்களிலும் பருத்த கரும்பின் இரத்தம் ஓடுகிறது. அந்த இரத்தத்தின் ஊற்று பப்புவா மக்களின் தோட்ட வேலியே.

கல்கோடரியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். எல்லாக் கல்லும் கோடரிக்கு ஆகாது. வாகிப் பள்ளத்தாக்கிலும் அதன் வடக்கே ஜிமிப் பள்ளத்தாக்கிலும் சில இடங்களில் மட்டும் தக்க கல் கிடைத்தது. ஆண்கள் கூட்டமாகச் சென்று, நியமங்களை அனுஷ்டித்து, சுரங்கம் தோண்டிக் கல்லெடுத்து, ஆற்றங்கரை மணற்கல்லில் நாட்கணக்காகத் தேய்த்து விளிம்பு ஏற்றினார்கள். நேர்த்தியான கோடரிகள் வேலைக்கென்றில்லாமல் கலியாணப் பரிசத்திலும் கைமாறின. இரும்புக் கோடரியால் ஒரு நாளில் வெட்டும் மரத்துக்குக் கல்கோடரியால் மூன்று நான்கு நாட்கள் பிடிக்கும். இதை மனத்தில் வைத்தே அவர்கள் காடு திருத்தியதை மதிக்க வேண்டும். மரம் வெட்டுவதும் வேலி கட்டுவதும் வடிகால் தோண்டுவதும் ஆண்களின் பொறுப்பு. நடுவதும் களையெடுப்பதும் பன்றி வளர்ப்பதும் பெண்களின் பொறுப்பு. மரப்பட்டை நாரினால் பெண்கள் பின்னும் பிலும் என்னும் பை, நெற்றியிலிருந்து முதுகில் தொங்கும். கிழங்கும் அதில்தான், கைக்குழந்தையும் அதில்தான். நிலத்தை உழும்போது பழைய கல் உரலும் உலக்கையும் சில சமயம் அகப்படுவதுண்டு. அவற்றைச் செய்தவர் யாரென்று இக்காலத்து மலைநாட்டார் அறியார். ஆவிகளின் பொருள் என்று பயபக்தியோடு சடங்குகளில் வைத்துக்கொண்டார்கள்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அது இம்மலைகளுக்கு வந்து முந்நூறு நானூறு வருஷமே ஆகிறது. சேம்பு விளையாத குளிர்ந்த உயரத்திலும், சத்துக் குறைந்த மண்ணிலும் அது விளைந்ததால் ஜனங்கள் மேலே மேலே குடியேறினர், பன்றிகளும் பெருகின. ஆனால் 7,000 அடிக்கு மேல் உறைபனி என்னும் சத்துரு உண்டு. எங்கா ஜில்லாவினர் இதற்குச் செய்த உபாயம் நமது விவசாயிகள் அறியத்தக்கது. பத்துப் பன்னிரண்டு அடிக் குறுக்களவில் வட்டமாகப் பழைய கொடியும் புல்லும் குவித்து, மேலே மண்ணை அணைத்து, பெரிய மேடாக்கி, அதில் கொடியை நடுகிறார்கள். உள்ளே தழை மக்குவதால் உரமும் சூடும் உண்டாகின்றன. குளிர்ந்த காற்று மேட்டைச் சுற்றித் தாழ்ந்த இடத்தில் வடிந்து விடுகிறது. கம்போஸ்டு எருவை வேறிடத்தில் செய்து சுமந்து வருவதற்குப் பதில் பயிரின் அடியிலேயே செய்து விடுகிறார்கள் என்க. சாதாரணப் பனிக்கு இது போதும். 1972லும் 1997லும் நேர்ந்த கடும் உறைபனிக்கு இதுவும் ஈடுகொடுக்கவில்லை. உயர்ந்த இடங்களில் கிழங்கு அழிந்து, ஜனங்கள் கீழ்நாட்டு உறவினரை நாடவும், சர்க்கார் அரிசி அனுப்பவும் நேர்ந்தது.

நிலத்தைத் தரிசு விடுவதிலும் அவர்கள் வெறுமனே விடவில்லை. சதுப்பின் மண்ணில் படிந்த மகரந்தத்தைப் பார்க்கும்போது, ஏறக்குறைய 1,200 வருஷத்துக்கு முன்னிருந்து சவுக்கு மரம் திடீரென்று பெருகுகிறது. காடு குறைந்து போன நாட்டில் மனிதர் நட்டதாலன்றி இது நேராது. நம் கடற்கரைச் சவுக்கின் இனத்தைச் சேர்ந்த மலைச்சவுக்கு அது. அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைப்பதால், ஓய்வு விட்ட நிலம் சீக்கிரம் தேறுகிறது. வேலிக்குக் கழியும் அடுப்புக்கு விறகும் உபரி லாபம்.

இனி குக்கின் பிற்காலக் கதை. 1990ஐ ஒட்டி ஆராய்ச்சிப் பண்ணை கைவிடப்பட்டது. சமாதான காலத்தில் ஏற்கனவே திரும்பி வந்திருந்த கவெல்கா குடியினர் நிலத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, சர்க்கரைவள்ளி, வாழை, காப்பி முதலியவை வைத்து ஜீவனம் செய்யலானார்கள். 2008ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் அங்கே 116 ஹெக்டேர், அதாவது சுமார் 287 ஏக்கர் நிலத்தை உலகப் பாரம்பரிய ஸ்தலமாகப் பதிவு செய்தது. அந்நாட்டில் அவ்வாறு பதிவான முதலாவது இடம் அது. இங்குதான் சிக்கல். மண்ணுக்கு மேலே இருப்பது குடித்தனக்காரரின் சோறு. கீழே இருப்பது பத்தாயிரம் வருஷத்துத் தஸ்தாவேஜு. வடிகாலை ஆழப்படுத்தினால் பயிருக்கு நன்மை, ஆனால் அடிமண் உலர்ந்து பழைய மரமும் மகரந்தமும் கெடும். காப்பியின் வேர் ஆழமாக இறங்கிப் பழைய பாத்திகளைக் கலைத்துவிடும். நிலத்தைப் பூட்டி வைத்துக் குடிகளை வெளியேற்றுவது நியாயமுமன்று; அவர்கள் தொடர்ந்து பயிரிட்டு வருவதும் பதிவுக்கே ஒரு காரணம். எனவே பரம்பரை வழக்கப்படி ஆழமில்லாத கால் வெட்டி, கிழங்கும் வாழையும் வைப்பதற்குத் தடையில்லை என்ற அடிப்படையிலேயே பாதுகாப்பு வகுக்கப்பட்டிருக்கிறது. பண்ணையார் நேர்கோடாக வெட்டிய வாய்க்கால்கள் பலவற்றைக் குடிகள் இப்போது தங்கள் பங்குகளுக்கு எல்லையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்; தூர் வாரும் முறை வந்தால் இரு கரைக்காரரும் சேர்ந்து இறங்க வேண்டியதுதான்.