வாத்தை அழைக்கும் குழல்

குடும்பத் தொழில் என்றவுடன் நமக்குத் தறியும், தட்டார் பட்டறையும், பலகாரக் கடையும் நினைவுக்கு வரும். அமெரிக்க நாட்டிலோ, காட்டு வாத்தை அதன் குரலாலேயே ஏமாற்றி அழைக்கும் சிறு ஊதுகுழலைச் செய்து பிழைக்கும் குடும்பங்கள் உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். வேட்டையை நாம் போற்றுகின்றோம் அல்லோம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் அதனை ஏறக்குறைய முற்றும் தடுத்துவிட்டன. எனினும், ஊர்விட்டு ஊர் வந்து சிறு தொழில் நடத்தும் நம்மவர்க்கு அக்குடும்பங்களின் கதையில் கற்க வேண்டியது உண்டு.

குழல் உள்ளங்கையில் அடங்குவது. கடைந்த மரத்தண்டு ஒன்று. அதனுள் செருகும் துண்டு ஒன்று. அத்துண்டின்மேல் ஆப்பு வைத்து இறுக்கிய மெல்லிய நாக்கு. ஊதினால் நாக்கு அதிர்ந்து வாத்தின் குரல் எழும். நாதசுரத்துச் சீவாளியை அறிந்த நமக்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டுவதில்லை. நாக்கினை ஓர் இழை கூடுதலாகச் சீவிவிட்டால் குரல் கெட்டுப்போகும். மரத்தைக் கடைசல் இயந்திரம் கடைந்து தரும். குரலைத் திருத்துவதோ கைத்தேர்ச்சியும் காதும்தான்.

இத்தொழிலுக்குச் சட்டமும் துணை நின்றது. முன்னாளில் வேட்டைக்காரர் பழக்கிய உயிர் வாத்துகளை நீரில் கட்டிவைத்துக் காட்டு வாத்துகளை அழைப்பர். 1935ஆம் ஆண்டில் மத்திய அரசு அதனைத் தடை செய்தது. ஒலிப்பதிவுக் கருவிகளால் வாத்தை அழைப்பதும் பொதுவாக விலக்கப்பட்டதே. ஆகவே வாயால் ஊதும் குழலுக்கு மதிப்பு நிலைபெற்றது.

நெல்வயல்கள் சூழ்ந்த அர்க்கன்சாஸ் மாநிலத்து ஸ்டட்கார்ட் நகரில் 1936 முதல் வாத்துக்குரல் போட்டி நடைபெற்று வருகிறது. அவ்வூர்ச் சிக் மேஜர் என்பவர் 'டிக்சி மல்லார்ட்' என்னும் பெயரால் குழல்கள் செய்து விற்றார். அக்குடும்பத்துப் பெண்மணி பாட் பீகாக், 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆடவரோடு போட்டியிட்டு உலக வெற்றி பெற்றார். செய்பவர் வீட்டிலேயே வல்லவராக ஊதுபவரும் இருந்தால், அதனைவிடச் சிறந்த விளம்பரம் வேறு எது?

லூயிசியானாவில் பில் ராபர்ட்சன் என்பவர் 1972இல் தாம் வகுத்த குழலுக்குக் காப்புரிமை பெற்றார். வீடே தொழிற்சாலை, மனைவியும் மக்களுமே கைகள். முதலாண்டு விற்பனை ஏறத்தாழ 8,000 டாலர். பின்னர் மகன் வில்லி பொறுப்பேற்று அதனைப் பெருநிறுவனமாக வளர்த்தார். 2012இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் அக்குடும்பத்தை நாடறியச் செய்தது. தந்தையார் 2025இல் மறைந்தார், தொழில் மறையவில்லை.

எல்லாக் குடும்பங்களுக்கும் இத்தகைய பேறு வாய்ப்பதில்லை. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் குழல் மலிவாகக் கிடைக்கும் காலத்தில், விலையில் போட்டியிடும் வீட்டுப் பட்டறை நிலைக்காது. அதன் முதல் பணமன்று. பிழையான ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் பிடிக்கும் பெரியவரின் காது. அவர் பக்கத்தில் பிள்ளை அமர்ந்து பழகாவிடில், இயந்திரமும் மரமும் பெயர்ப்பலகையும் இருந்தும் தொழில் அவரோடு முடிந்துவிடும்.

நமது நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். கைத்திறத்தை வீட்டார்தாம் காக்க வேண்டும். வெளியூரில் கடையோ பட்டறையோ நடத்தும் நம் அன்பர்கள், பிள்ளைகளைக் கணக்கு எழுத மட்டும் அமர்த்தாது, நாள்தோறும் சிறிது நேரமேனும் வேலையிலும் அருகே இருத்திக்கொள்வார்களாக. பிள்ளை நாளை வேறு தொழிலுக்குச் செல்லினும் செல்லட்டும்; தந்தையின் கை அறிந்ததை அறியாமல் செல்ல வேண்டாம்.