போனில் வரும் மிரட்டல்: மறைக்காதீர்கள், முறையிடுங்கள்



2020ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பாடங்கள் போனில் வரத் தொடங்கின. கடன்பட்டாவது பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். முன்பின் தெரியாதவர்களும் அதே போன் வழியாக லயத்துக்குள் வருகிறார்கள். நாம் மலையில் கொழுந்து எடுக்கும் நேரத்தில் பிள்ளையோடு யார் பேசுகிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒருவன் தன்னையும் மாணவன் என்று சொல்லிப் பேஸ்புக்கிலோ டிக்டொக்கிலோ பழகுவான். ரீலோட் போட்டுக் கொடுப்பான். பிறகு அந்தரங்கமான படம் ஒன்று கேட்பான். அது கிடைத்ததும், "காசு அனுப்பு, இல்லாட்டி எல்லாருக்கும் போட்டுருவேன்" என்று மிரட்டுவான். ஆண் பிள்ளைகளும் இதில் அகப்படுகிறார்கள்.

பிள்ளை வந்து சொன்னால், "ஏன் இப்படி செஞ்ச?" என்று அடிக்காதீர்கள். பிள்ளையின் பயம்தான் அவனுடைய பலம். "சொன்னது நல்லது, நாங்க இருக்கோம்" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு இவற்றைச் செய்யுங்கள்:

1. காசு கொடுக்க வேண்டாம். இன்னொரு படமும் அனுப்ப வேண்டாம். கொடுத்தால் மேலும் கேட்பான்.

2. அவசரப்பட்டு எதையும் அழிக்க வேண்டாம். நாம் அழித்தாலும் படம் அவனிடம் இருக்கும். நம்மிடம் உள்ள சாட்சிதான் போய்விடும். அவனுடைய கணக்கின் பெயர், போன் நம்பர், திகதி, நேரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். மிரட்டல் செய்திகளை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் பிரதி எடுக்க வேண்டாம்.

3. 1929க்குப் பேசுங்கள். இது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். இரவு பகல் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழிலேயே சொல்லலாம். பொலிஸ் நிலையத்தில் உள்ள சிறுவர், பெண்கள் பிரிவிலும் முறையிடலாம். உடனடி ஆபத்து என்றால் 119.

4. குறித்துக்கொண்ட பிறகு, பேஸ்புக்கில் அல்லது டிக்டொக்கில் உள்ள 'ரிப்போர்ட்' என்பதை அழுத்தி அந்தக் கணக்கைப் பற்றி அறிவியுங்கள். பின்னர் அவனைத் தடை செய்யுங்கள்.

படம் பரவிவிடுமோ என்று பயந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கான தேசிய நிலையம் 2023ஆம் ஆண்டு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையைத் தொடங்கியது. 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கு இது உதவும். படம் நம் போனை விட்டுப் போகாது. கைரேகை போன்ற ஓர் அடையாள இலக்கம் மட்டுமே போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவை அந்த இலக்கத்தை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "பாருங்க, இந்தப் புள்ளைக்கு நடந்த அநியாயத்த" என்று நல்ல மனதோடு சிலர் வட்ஸ்அப் குழுவில் படத்தைப் போடுகிறார்கள். அப்படிப் போடுவதால் அந்தப் பிள்ளை மறுபடியும் அவமானப்படுகிறது. அது குற்றமும்கூட. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுப்பதும் காட்டுவதும் பரப்புவதும், 1995ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவையில் செய்த திருத்தத்தின்படி 2 முதல் 10 வருடம் வரை சிறைத்தண்டனைக்குரியவை. அப்படியொன்று உங்கள் போனுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாமல், யார் அனுப்பினார் என்பதைக் குறித்துக்கொண்டு 1929க்குச் சொல்லுங்கள்.

"வெளிய தெரிஞ்சா மானம் போயிரும், தோட்டத்துக்குள்ளேயே பேசி முடிப்போம்" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறவன் அடுத்த லயத்துப் பிள்ளையைத் தேடுவான். மானம் போக வேண்டியது குற்றம் செய்தவனுக்கே, பிள்ளைக்கல்ல.

1929 என்ற இலக்கத்தை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.