வீட்டுப் படிப்பும் வெளிப் பழக்கமும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோருக்குத் தேர்வு பற்றிய கவலை வேண்டியதில்லை. 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாக, 14 வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆனால் சேர்ந்து விளையாடுவதையும், சண்டை போட்டுச் சமாதானம் ஆவதையும், வேலையைப் பங்கிட்டுச் செய்வதையும் எந்தப் புத்தகம் கற்றுத் தரும்?

திருவனந்தபுரத்து அன்பர்களுக்கு ஒரு யோசனை. மாதம் ஒருமுறை நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள். முதல் பயணம் போனக்காடாக இருக்கட்டும். நெடுமங்காடு, விதுரா வழியே சுமார் 60 கி.மீ. தூரம். வனத்துறை அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள்.

அங்குள்ள 'பேய் பங்களா'வைத் தேடித்தான் பலர் போகிறார்கள். நம் பிள்ளைகள் பார்க்க வேண்டியது மனிதர்களை. தமிழகத்திலிருந்து தேயிலை பறிக்க வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே லயங்களில் வாழ்கிறார்கள். தோட்டம் முடங்கியதால் பிழைப்பை இழந்தவர்கள் அவர்கள். வேடிக்கை பார்ப்பது போல் போகக் கூடாது. வணக்கம் சொல்லி, அனுமதி கேட்டு, தமிழில் பேசட்டும். கொழுந்து எப்படி வாடி, உருண்டு, உலர்ந்து தேயிலைத்தூள் ஆனது என்று பெரியவர்களிடம் கேட்கட்டும். ஒரு பிள்ளை கேட்க, ஒரு பிள்ளை எழுத, இன்னொரு பிள்ளை படம் வரையட்டும்.

திரும்பி வந்ததும் மூவரும் சேர்ந்து ஒரே கட்டுரையாக எழுதி, நம் சங்கக் கூட்டத்தில் வாசிக்கட்டும். தாய்மொழியும் தோழமையும் ஒரே நாளில் கைகூடும்.