மெல்ல மெலிதல்



உடல் பருத்தவர்களுக்கு நம் நாட்டில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. வெந்நீரில் தேன் கலந்து குடிக்கச் சொல்வார் ஒருவர். சோற்றையே அறவே விட்டுவிடச் சொல்வார் மற்றொருவர். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைத்துத் தருவதாக விளம்பரம் செய்து பணம் வாங்குவார் வேறொருவர். திருமண நாள் நெருங்குகிறது என்பதற்காகவோ, மருத்துவர் கடிந்துகொண்டார் என்பதற்காகவோ இவற்றில் இறங்குவோர் பலர். எடை குறைவதும் உண்மையே. ஆயினும் குறைந்தது எது, அது எத்தனை நாள் நிலைக்கும் என்னும் இரண்டு வினாக்களை எவரும் எழுப்புவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் மாநகரில் வில்லியம் பாண்டிங் என்றொருவர் வாழ்ந்தார். ஈமச் சடங்குகளுக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து கொடுப்பது அவர் தொழில். ஐந்தடி ஐந்தங்குல உயரமுடைய அவர், 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 202 ராத்தல், அதாவது ஏறக்குறைய 92 கிலோ எடையுடன் இருந்தார். குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட இயலாது. மாடிப்படியில் இறங்க வேண்டுமானால், முழங்கால் தாங்காதென்று பின்பக்கமாகவே இறங்குவார். உடற்பயிற்சி செய்யும்படி ஒரு மருத்துவர் கூற, நாள்தோறும் காலையில் படகு வலித்துப் பார்த்தார். அதனால் பசிதான் பெருகிற்று. பசி பெருகவே எடையும் பெருகிற்று. இறுதியில், காது மந்தமாகிவிட்டதென்று ஹார்வி என்னும் காது மருத்துவரிடம் சென்றார். (இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி வேறு, அவர் இருநூறாண்டு முந்தியவர்.) பருமனே காதுக் குறைக்குக் காரணம் என்று கருதிய அம்மருத்துவர், ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கச் சொன்னார். ஓராண்டு கழிந்தபோது பாண்டிங் 46 ராத்தல் குறைந்திருந்தார். படிகளில் மற்றவரைப் போலவே முன்னோக்கி இறங்கினார். தம் அனுபவத்தை 1863இல் ஒரு சிறு வெளியீடாக அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அவர் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகவே ஆயிற்று. சுவீடன் நாட்டு மொழியில் எடை குறைக்க உணவைச் சுருக்குவதற்கு இன்றும் அவர் பெயரிலிருந்து பிறந்த சொல்லையே வழங்குகின்றனர்.

இறைச்சியும் மதுவும் நிறைந்த அவருடைய உணவுப் பட்டியலை நான் இங்குப் போற்ற வரவில்லை. கணக்கைச் சற்றுப் பாருங்கள்: ஓராண்டில் 46 ராத்தல் என்றால், வாரத்திற்கு ஒரு ராத்தலுக்கும் குறைவு, நம் அளவையில் நானூறு கிராம். இக்கால மருத்துவர்கள் வாரத்திற்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே தகும் என்கின்றனர். அவரோ அதனினும் மெல்ல நடந்தார். 1878இல் காலமானபோது அவருக்கு வயது 81.

விரைவில் மெலிபவர்கள் முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டதாகப் பெருமை கொள்வர். அதில் பெரும்பகுதி தண்ணீர். நம் உடல் அன்றாடச் செலவுக்கென்று ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சிறிதளவு வைத்திருக்கிறது. கொழுப்போ குதிரில் கொட்டிய நெல்லைப் போன்றது; கிளைக்கோஜன் அடுக்களைப் பானையிலிருக்கும் அரிசி. உணவைத் திடீரென்று நிறுத்தினால் முதலில் காலியாவது பானைதான். ஒரு பங்கு கிளைக்கோஜனோடு மூன்று பங்கு அளவில் நீரும் சேர்ந்திருப்பதால், அது கரையும்போது நீரும் வெளியேறுகிறது. எடைக்கருவியின் முள் இறங்குகிறது. மீண்டும் ஒழுங்காக உண்ட சில நாட்களில் அந்த எடை அப்படியே திரும்பிவிடும். ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். இதனை எந்தப் பொடியும் இரண்டு நாளில் செய்துவிட முடியாது.

பட்டினி ஆழமானால் உடல் எப்படி எதிர்த்து நிற்கிறது என்பதற்கு அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை சான்று. இரண்டாம் உலகப் போரால் பட்டினியுற்ற மக்களுக்கு மறுவாழ்வளிக்கும் வழியை அறிய விரும்பிய ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், 1945ஆம் ஆண்டில் 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் பாதி உணவே கொடுத்தார். அஃதாவது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி. அவர்களாகவே முன்வந்தவர்கள், நல்ல உடல்நலம் உள்ளவர்கள். உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலோ ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. கை கால்கள் சில்லிட்டன. நாடித் துடிப்பு தளர்ந்தது. உணவைத் தவிர வேறு நினைவில்லை. சமையல் நூல்களைக் கதைநூல்களைப் போல் படித்தவர்களும் உண்டு. சோதனை முடிந்து வேண்டிய அளவு உண்ணத் தொடங்கியபோது, முன்பிருந்ததைவிட மிகுதியாகக் கொழுப்புச் சேர்ந்தது. அவர்கள் பருத்தவர்கள் அல்லர். ஆகையால் அவர்களுக்கு நேர்ந்ததெல்லாம் பருத்தவருக்கும் அப்படியே நேரும் என்று கூறிவிட முடியாது. ஆனால், இன்று விற்கப்படும் சில துரிதத் திட்டங்கள் அந்த இளைஞர்கள் உண்டதில் பாதியைக்கூடத் தருவதில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

துரிதத்தால் விளையும் மற்றொரு தொல்லை பித்தப்பைக் கல். கொழுப்பு வேகமாகக் கரையும்போது ஈரல் மிகுதியான கொலஸ்டிராலைப் பித்தநீரில் தள்ளுகிறது. உணவில் எண்ணெய்ப் பசையே இல்லாவிடில் பித்தப்பையும் சுருங்கித் தன்னைக் காலி செய்துகொள்வதில்லை. தேங்கிய நீரில் கல் உறைகிறது. வாரத்திற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இழப்பவர்களிடம் இது மிகுதி. தசை கரைவதும் அவ்வாறே. முதியவர்களுக்கு இது பெருநட்டம், தசைதானே அவர்களை விழாமல் நிறுத்துகிறது?

இனி ஒரு மறுப்பையும் கூறிவிட வேண்டும். மெல்லக் குறைத்த எடை திரும்பாது என்று பலர் உறுதி கூறுவர். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகர ஆராய்ச்சியாளர்கள் சுமார் 200 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை 12 வாரத்திலும் மற்றவரை 36 வாரத்திலும் மெலியச் செய்து, பின்னர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். இரு பிரிவினருமே இழந்த எடையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை மீண்டும் பெற்றனர். இதனை மறைப்பது நேர்மையன்று. மெதுவாக இறங்கியது என்ற ஒரே காரணத்துக்காக எடை அங்கேயே நின்றுவிடாது. இறங்கும்போது பழகிய உணவையும் நடையையும் பின்னரும் விடாதிருந்தால்தான் நிற்கும். பத்து நாள் கஞ்சியையே குடித்தவன் பதினோராம் நாள் எதை உண்பது என்று கற்றுக்கொள்வதில்லை. நாற்பது வாரம் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டி உண்டவனுக்கு அது புதிய வழக்கமாகவே அமைந்துவிடக்கூடும். மெல்லச் செல்வதில் நான் காணும் மேன்மை இதுவே.

வழக்கத்தின் வலிமைக்கு நம்மூரிலேயே ஒரு சான்று உண்டு. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை வைத்துச் சென்னை மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. நடையும் உணவுத் திருத்தமும் மேற்கொண்டவர்களிடையே நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 28 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. வியப்பென்னவெனில், அவர்கள் எடை அவ்வளவாகக் குறையவேயில்லை! முள் அசையவில்லையே என்று மனம் சோர்ந்து நடையை நிறுத்துபவர்கள் இதனை நினைவில் வைக்கலாம்.

எங்கே தொடங்குவது? காப்பியில் தொடங்கலாம். நாளைக்கு நான்கு தம்ளர், தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 160 கலோரி. அதனைப் பாதியாக்கினால் ஆண்டுக்கு 29,000 கலோரி மிச்சம். தாளில் ஏறக்குறைய நான்கு கிலோ. உடல் சிறுக்கச் சிறுக்க அதன் செலவும் சிறுக்கும் ஆதலால், முதலாண்டில் அதில் பாதி குறைந்தாலே போதும். நாக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிக்கொள்ளும். இரவுச் சோற்றில் ஒரு கரண்டி, தாளிக்கும் எண்ணெயில் ஒரு கரண்டி என அடுத்தடுத்துக் கை வைக்கலாம். பருப்பு, சுண்டல், மோர், முட்டை இவற்றில் கை வைக்கலாகாது. தசையைக் காப்பவை அவையே.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கவே கூடாது. உணவு குறைந்து மருந்து பழைய அளவிலேயே இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும். உயிருக்கே கேடாகவும் முடியும். மற்றவர்கள் வாரத்திற்கு ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பார்த்தால் போதுமானது. முந்தின நாள் உப்பு மிகுதியாக உண்டிருந்தாலே மறுநாள் முள் ஏறி நிற்கும். அது நீரின் கணக்கு, கொழுப்பின் கணக்கன்று.