அந்தமானில் கடலே நேரம் குறிக்கிறது

சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விமானம் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போர்ட் பிளேயரில் இறங்கிவிடலாம். இந்த எளிமையே பயணத் திட்டம் வகுப்போரை அயர்ந்துபோகச் செய்கிறது. விமானம் கொண்டு சேர்ப்பது தீவுக் கூட்டத்தின் வாயில் வரைதான். அதற்கு அப்பால் ஹேவ்லாக், நீல் ஆகிய தீவுகளுக்குச் செல்லப் படகே வழி. படகு புறப்படுமா என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது.

பயணிகள் பலரின் கையில் இருக்கும் திட்டம் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கும். முதல் நாள் போர்ட் பிளேயர். அடுத்த இரு நாட்கள் ஹேவ்லாக். பின்னர் ஓர் இரவு நீல். இறுதி நாள் காலைப் படகில் திரும்பி, அன்று பிற்பகலே ஊருக்கு விமானம். காகிதத்தில் ஒரு மணி நேரமும் வீணாகாத இத்திட்டத்தில் ஒரே ஒரு படகு நின்றுபோனாலும் விமானச் சீட்டு பயனற்றதாகிவிடும். அதை ஈடுசெய்யக் கடைசி நேர விலையில், அதுவும் குடும்பத்தினர் அனைவருக்கும், புதிய சீட்டு வாங்க நேரும்.

இது வெறும் அச்சமன்று. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தால் படகுப் போக்குவரத்து நின்று, ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சில நாட்கள் சிக்கிக்கொண்டனர். கடற்படை, கடலோரக் காவல் படைக் கப்பல்கள் சென்று அவர்களை மீட்டன. அதே தாழ்வு மண்டலம்தான் பின்னர் ‘வர்தா’ புயலாக வலுப்பெற்று, டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியது. புயலே வர வேண்டும் என்பதுமில்லை. அலை உயர்ந்து எச்சரிக்கை விடுக்கப்பட்டாலே படகுகள் துறைமுகத்தில் நிற்கும்.

ஆகவே ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேயரிலேயே கழியுங்கள். இயன்றால் முழுமையாக ஒரு பகலையும் அங்கே ஒதுக்குங்கள். தொலைவிலுள்ள தீவுகளை முதலில் பார்த்துவிட்டு, செல்லுலார் சிறை, அங்கு இரவில் நடைபெறும் ஒலி-ஒளிக் காட்சி, எதிரே உள்ள ராஸ் தீவு ஆகியவற்றை இறுதிக்கு வைத்துக்கொண்டால் அந்த நாள் வீணாகாது. படகு நின்றால் இழப்பது ஒரு பகல் சுற்றுலாவாக இருக்கும். விமானச் சீட்டாக இராது. பயணக் காப்பீடு எடுப்போர் அதன் விதிகளைப் படித்துப் பார்ப்பது நலம். விமானத் தாமதத்தை ஏற்கும் காப்பீடு படகு நின்றதால் நேரும் இழப்பையும் ஏற்கும் என்று கருதிவிடக் கூடாது. ஆழ்கடல் முக்குளிப்பு போன்றவற்றை விலக்கி வைக்கும் காப்பீடுகளும் உண்டு.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. அதன்பின் வடகிழக்குப் பருவக்காற்றும் மழை தருகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே கடல் பெரும்பாலும் அமைதியாக இருப்பது. மழைக்காலக் கட்டணக் குறைவைக் கண்டு செல்வோர், மேலே சொன்ன ஒரு நாளை இரண்டாக்கிக்கொள்வது நல்லது.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். 2018இல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு எனவும், நீல் ஷாஹீத் தீவு எனவும், ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனவும் பெயர் மாற்றம் பெற்றன. போர்ட் பிளேயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. சீட்டுகளிலும் விளம்பரங்களிலும் இருவகைப் பெயர்களும் வழங்குவதால் குழப்பம் வேண்டாம். ஆனால் வட அந்தமானில் திக்லிப்பூருக்கு அருகிலுள்ள ராஸ்-ஸ்மித் தீவுகள் வேறு. தலைநகரிலிருந்து அங்கே சாலை வழியே 300 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும்.

இனி, பணம். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்த தீவுகளில் இணைய வசதி பெரிதும் மேம்பட்டுள்ளது. தலைநகரில் யுபிஐ, அட்டை இரண்டும் இயல்பாகப் பயன்படுகின்றன. எனினும் எல்லாக் கைப்பேசி நிறுவனங்களின் அலைவரிசையும் எல்லாத் தீவுகளிலும் கிடைப்பதில்லை. அலைவரிசை இல்லையெனில் ஒருமுறைக் கடவுச்சொல் வராது. அது வராவிடில் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் கைக்கு எட்டாது. சிறு தீவுகளில் ஏ.டி.எம். மிகக் குறைவு. எனவே விடுதி, படகுக் கட்டணங்களைப் புறப்படும் முன்பே செலுத்திவிட்டு, தீவுகளில் தங்கும் நாட்களுக்கும் கூடுதலாக இரு நாட்களுக்கும் தேவையான ரொக்கத்தைப் போர்ட் பிளேயரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே பையில் வைக்காமல் இருவரிடம் பிரித்து வைப்பது பழைய வழக்கமே எனினும் இன்றும் பொருந்துவது. முன்பதிவின்போது, தேடலில் முதலில் தென்படும் இணையதளத்தை நம்பிவிடாமல், விடுதியின் தொலைபேசி எண்ணை வேறு வழியிலும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏமாற்றப்பட்டதாக அறிந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைப்பதோடு வங்கிக்கும் தெரிவியுங்கள்.

இந்திய நேரம் கணிக்கப்படும் தீர்க்கரேகைக்கு ஏறத்தாழ பத்து பாகை கிழக்கே இத்தீவுகள் அமைந்துள்ளன. ஆகையால் கடிகாரத்தின்படி இங்கே பொழுது முன்னதாகவே புலர்ந்து முன்னதாகவே சாய்கிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். ராதாநகர் கடற்கரையில் அந்திக் காட்சியைக் காண விரும்புவோர் 4 மணிக்கே அங்கிருக்க வேண்டும். பகல் உறக்கம் முடித்து 5 மணிக்குக் கிளம்புவோர் காண்பது இருளைத்தான்.

கடலில் இறங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது எச்சரிக்கைப் பலகையை. இத்தீவுகளில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2010இல் ராதாநகரை ஒட்டிய கடலில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலை தாக்கி உயிரிழந்தார். கழிமுகங்களையும் அலையாத்திக் காடுகளின் ஓரங்களையும் தவிர்த்து, உயிர்காப்போர் பணியில் உள்ள இடத்தில் மட்டுமே நீராடுங்கள். முக்குளித்தோர் விமானம் ஏறுவதற்குள் 24 மணி நேர இடைவெளி விடுவது பாதுகாப்பானது. உடலில் கரைந்துள்ள நைட்ரஜன், உயரே காற்றழுத்தம் குறைகையில் குமிழிகளாக வெளிப்பட்டு உயிருக்கே தீங்கு செய்யக்கூடும். கடைசி நாளைத் தரையில் கழிக்க இதுவும் ஒரு காரணம்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்குச் செல்லும் சாலை ஜாரவா மக்களின் காப்பு வனத்தினூடே செல்கிறது. குறித்த நேரங்களில் காவலுடன் அணியாக மட்டுமே வாகனங்கள் அனுமதிக்கப்படுகின்றன. வழியில் நிறுத்துவதும், படம் எடுப்பதும், உணவுப் பொருள்களை வீசுவதும் குற்றம். பழங்குடியினர் பாதுகாப்பு விதிகளின்படி சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. “ஜாரவாக்களைக் காட்டுகிறோம்” என்று ஆசை காட்டும் முகவர் எவரிடமும் சீட்டு எடுக்காதீர்கள். அந்தச் சாலையின் இருபுறமும் அவர்களுடைய வீடு. அது விலங்குக் காட்சிச்சாலை அன்று.

திரும்பும்போது பைகளையும் ஒருமுறை பாருங்கள். கரையில் கிடந்ததே என்று குழந்தைகள் பொறுக்கிய பவளத் துண்டுகளும் சிப்பிகளும் விமான நிலையச் சோதனையில் பறிமுதல் ஆகலாம். பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சிப்பிப் பொருள்கள் வேண்டுமெனில் அரசு விற்பனை நிலையமான சாகரிகாவில் வாங்கி, ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விடுப்புப் பயணச் சலுகையில் செல்லும் அரசு ஊழியர்கள் விமான நுழைவுச் சீட்டையும் அத்துடன் சேர்த்து வைக்கலாம். அலுவலகத்தில் முதலில் கேட்கப்படுவது அதுவே.