சைலன்ட்டா இருந்தா ஃப்ளாஷ் அடிக்காது பாஸ்!

ஃப்ளாஷை மாட்டியாச்சு. பேட்டரி ஃபுல். ரெடி லைட்டும் எரியுது. பட்டனை அழுத்தினா படம் விழுது, ஃப்ளாஷ் மட்டும் கம்முனு இருக்கு! ‘போச்சுடா, ஓசியில வாங்கினது பல்லைக் காட்டிடுச்சு’னு ஃபிரெண்டோட ஃப்ளாஷைத் திட்டுறதுக்கு முன்னாடி, கேமரா மெனுவைத் திறங்க. சைலன்ட் ஷட்டர் ‘ஆன்’ல இருக்கும். பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்கள் அந்த மோடில் ஃப்ளாஷை அடிக்கவே விடாது.

ஏன் இந்த ஓரவஞ்சனை? நம்ம ஊர் ஸ்டைல்லயே பார்ப்போம். சன்னதியில் திரையை முழுசா விலக்கிட்டு தீபாராதனை காட்டினா, நிக்கிற அத்தனை பேருக்கும் தரிசனம் கிடைக்கும். மெக்கானிக்கல் ஷட்டர் அப்படித்தான். 1/200 செகண்ட் வரைக்கும் (சில கேமராவில் 1/250) சென்சார் முழுசும் திறந்திருக்கிற ஒரு கணம் உண்டு. ஃப்ளாஷ் அந்தக் கணத்தில் அடிச்சுட்டுப் போயிடும்.

சைலன்ட் ஷட்டர்ல திரையே கிடையாது. சென்சார் தன்னோட வரிசைகளை மேலேருந்து கீழே ஒவ்வொண்ணா படிச்சுக்கிட்டே வரும். க்யூவில் ஒவ்வொருத்தரா வாசல்படிக்கு வர்ற மாதிரி. நடுத்தர விலை கேமராக்கள் பலவற்றில் ஒரு ஃபிரேமைப் படிச்சு முடிக்க 1/15, 1/30 செகண்ட்கூட ஆகும். ஃப்ளாஷ் மின்னுறதோ 1/1000 செகண்ட், அதுக்கும் குறைவு. கற்பூரம் சட்டுனு எரிஞ்சு அணைஞ்சா, அந்த நேரம் வாசல்படியில் நின்னவருக்கு மட்டும்தானே தரிசனம்? படத்திலும் அதே கதை. ஒரு பட்டை பளிச், மீதியெல்லாம் இருட்டு. அந்தக் கண்றாவி வேண்டாம்னுதான் கேமராவே ஃப்ளாஷைப் பூட்டி வைக்குது.

‘அப்ப சைலன்ட் மோடே வேஸ்ட்டா?’ அவசரப்படாதீங்க. கடலூர், செம்மண்டலம், சிதம்பரம் ஏரியாவில் கேமராவும் கையுமா சுத்துற ஆளா இருந்தா, மகா சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி பக்கம் ஒதுங்காம இருக்க மாட்டீங்க. 1981-ல் ஆரம்பிச்ச விழா. பாட்டு இறங்கி, மிருதங்கம் அடங்கி, ஆடுறவங்க கண்ணால மட்டும் பேசுற அபிநயக் கட்டத்தில் முன் வரிசையிலேருந்து ‘டக் டக்’னு சத்தம் வந்தா எப்படி இருக்கும்? அங்கே சைலன்ட் மோடுதான் மரியாதை. ஃப்ளாஷோ, ஆடுறவங்க கண்ணைக் கூசவைக்கும். விழாக்குழு தடுத்தாலும் தடுக்காட்டியும் பைக்குள்ளேயே இருக்கட்டும்!

ஆனா தில்லானா ஆரம்பிச்சதும் உஷாராயிடுங்க. கை வீசுற வேகத்துக்கு சென்சார் படிக்கிறது ஈடு கொடுக்காது. நேரான கை வாழைத்தண்டு மாதிரி வளைஞ்சு விழும். இது இன்னிக்கு நேத்து வியாதி இல்லை. 1910-களில் லார்த்திக்ங்கிற ஃபிரெஞ்சு போட்டோகிராபர் எடுத்த ரேஸ் கார் படத்தில் சக்கரம் முட்டை வடிவத்தில் சாய்ஞ்சு நிக்கும். அந்தக் கால ஷட்டரோட பிளவு மெதுவா நகர்ந்ததால வந்த வினை. (நடராஜர் கோயில் கோபுரத்துல இருக்கிற 108 கரணச் சிற்பங்களை எந்த மோடில் வேணா எடுங்க. அவங்க ஆடாம போஸ் கொடுப்பாங்க!)

இன்னொரு வில்லன், எல்.ஈ.டி. விளக்கு. நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியுற விளக்குகள் பல செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். சைலன்ட் மோடில் அது வரிவரியா படத்தில் விழும். ஷட்டரை 1/50 இல்லே 1/100-ல் வெச்சா பெரும்பாலும் அடங்கும். சில மேடை விளக்குகள் அதுக்கும் அடங்காது. தவிர, 1/100-ல் வேகமான அடவை எடுத்தா கை கலங்கிடும். அபிநயத்துக்கு சைலன்ட், தில்லானாவுக்கு மெக்கானிக்கல்னு மாறிக்கிறது உத்தமம். மிருதங்கமும் நட்டுவாங்கமும் போடுற சத்தத்தில் உங்க ‘டக்’ யாருக்கும் கேட்காது.

உண்மையான ஆபத்து மறுநாள்தான். நாட்டியாஞ்சலி முடிச்சு, அதே கேமராவோட ஃபிரெண்டோட அக்கா கல்யாணத்துக்குப் போறீங்க. மெனுவை மாத்தல. இருட்டு மண்டபம். கெட்டிமேளம் கொட்டுது, தாலி ஏறுது, ஃப்ளாஷ் அடிக்கல. ‘ஒன்ஸ்மோர்’ கேட்க முடியுமா? அதனால மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் சும்மா ஒரு டெஸ்ட் ஷாட் அடிச்சுப் பாருங்க. சத்தம் கொஞ்சம் குறைஞ்சா போதும்னா, ‘எலெக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன்’னு ஒரு ஆப்ஷன் பல கேமராவில் இருக்கும். பாதி சத்தம்தான், ஃப்ளாஷும் அடிக்கும்.

காசு இருந்தா பிரச்னையே இல்லை. 2021-ல் வந்த நிக்கான் இஸட்9-ல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. சென்சார் அவ்வளவு வேகம், ஃப்ளாஷ் ஜம்முனு அடிக்கும். 2023-ல் சோனி அறிவிச்ச ஏ9 III இன்னும் ஒரு படி மேல. எல்லா வரிசையையும் ஒரே நேரத்தில் பதிவு பண்ணிடும். சத்தமில்லாம, வளையாம, ஃப்ளாஷோட எடுக்கலாம். விலை? லட்சங்களில். ஹாஸ்டல் மெஸ் பில்லைக் கட்டிட்டு மீதி இருந்தா யோசிங்க!